தெளிந்த நீரெல்லாம் சுத்த நீரா?

அமாவாசை என்றால் திருவள்ளூரில் கூட்டம் அலைமோதும்.

வீரராகவப் பெருமாள் கோவிலுக்கு முதல் நாள் இரவே பக்தர்கள் வந்துவிடுவார்கள். விடிந்ததும் ஹிருத்தாபநாசினி என்னும் திருக்குளத்தில் நீராடுவார்கள். இந்தப் பெருமாளுக்கு "வைத்திய வீரராகவர்" என்றும் பெயர் உண்டு. உடம்பில் உள்ள பிணி தீரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, குளத்தில் வெல்லம் கரைப்பது பழைய வழக்கம்.

நம்பிக்கையைக் குறை சொல்வதற்கு இல்லை. ஆனால், கரைந்த வெல்லம் எங்கே போகிறது? குளத்திலேதான் இருக்கிறது!

வெல்லம் மனிதருக்கு மட்டும் இனிப்பு அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கும் அது விருந்து. அதைத் தின்று அவை பெருகும். பெருகும்போது, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். பிராணவாயு குறைந்தால் மீன் சாகும். நீர் நாறும்.

ஒருவர் போடுவது ஒரு கட்டிதான். ஆயிரம் பேர் போட்டால் ஆயிரம் கட்டி ஆகிறதே!

இளஞ்சூட்டில் வளரும் கிருமி

பெரிய குளத்துக்கே இப்படி என்றால், பலர் இறங்கும் சின்னத் தொட்டிக்கு என்ன ஆகும்?

இப்போது சில விடுதிகளிலும், வசதி படைத்தவர் வீடுகளிலும் வெந்நீர்த் தொட்டி வந்திருக்கிறது. "ஹாட் டப்" என்பார்கள். நாலைந்து பேர் சேர்ந்து உட்காரலாம். மோட்டார் நீரைச் சுழற்றும். குமிழி பொங்கும். ஒருமுறை நிரப்பிய நீரையே பல நாள் வைத்திருப்பார்கள்.

"வெந்நீர்தானே! கிருமி செத்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தொட்டி நீரின் சூடு 40 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மனிதருக்கு ஆகாது. கிருமியைக் கொல்ல அந்தச் சூடு போதாது.

"லெஜியோனெல்லா" என்று ஒரு கிருமி. 25 டிகிரி முதல் 45 டிகிரி வரை உள்ள சூட்டில் அது செழித்து வளரும். குமிழி உடையும்போது பறக்கும் நுண்ணிய துளிகளோடு நுரையீரலுக்குள் புகும். கடுமையான நிமோனியா காய்ச்சலை உண்டாக்கும்.

1999-ம் ஆண்டு, நெதர்லாந்து நாட்டில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே காட்சிக்காக ஒரு வெந்நீர்த் தொட்டியை ஓடவிட்டிருந்தார்கள். அதன் பக்கமாக நடந்து போனவர்கள் நோயில் விழுந்தார்கள். ஏறத்தாழ 200 பேருக்கு நோய் கண்டது. 20 பேருக்கு மேல் மாண்டார்கள்.

குளிக்காதவர்களையும் கொன்றது அந்த நீர்!

இரும்புக்கு உள்ள கவனிப்பு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. எந்திரத்தின் சூட்டைத் தணிக்கச் சுற்றிவரும் நீரைச் சும்மா விட்டால் பாசி பிடிக்கும். குழாய் அடைக்கும். ஆகவே, அந்த நீரைச் சோதித்து மருந்து போட வேண்டியிருக்கிறது.

இரும்புக்கு இவ்வளவு கவனிப்பு என்றால், மனித உடம்புக்கு வேண்டாமா?

வெந்நீர்த் தொட்டிக்கு மருந்து, குளோரின். 10 லட்சம் பங்கு நீருக்குக் குறைந்தது 3 பங்கு இருக்கவேண்டும். நீச்சல் குளத்துக்கு 1 பங்கு போதும். சூட்டில் குளோரின் விரைவாகத் தீர்ந்துவிடும் என்பதால்தான் தொட்டிக்கு அதிகம். நீரில் அமிலமும் காரமும் எப்படி இருக்கின்றன என்பதைக் காட்டும் "பி.எச்." அளவு 7-க்கும் 7.8-க்கும் இடையே நிற்கவேண்டும். சோதனைத் தாளை நீரில் நனைத்து, அதன் நிறத்தைப் பார்த்தே இரண்டையும் அறியலாம்.

கண்ணால் மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும். மூக்கையும் நம்புவதற்கு இல்லை. மருந்து வாடை தூக்கலாக அடித்தால், "நீர் சுத்தமாக இருக்கிறது" என்கிறார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போது எழுகிற வாடைதான் அது!

யார் கடமை?

எவ்வளவு மருந்து போட்டாலும், அழுக்கோடு இறங்கினால் பயன் இல்லை. தலையில் உள்ள எண்ணெய், உடம்பில் உள்ள வியர்வை, சோப்பு எல்லாம் குளோரினைத் தீர்த்துவிடும். ஆகவே, முதலில் வெளியே நன்றாகக் குளித்துவிட்டு, பிறகு இறங்கவேண்டும்.

வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை இறக்கவே கூடாது. அந்த நோயை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான "கிரிப்டோஸ்போரிடியம்", குளோரின் கலந்த நீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும். ஒரு குழந்தையிடம் இருந்து பத்துக் குழந்தைகளுக்குத் தொற்றும்.

கட்டணம் வாங்குகிறவர்களுக்கும் கடமை உண்டு. ஓட்டல்களில் விலைப் பட்டியல் எழுதிப்போடுகிறார்கள் அல்லவா? அதுபோல, இன்று எத்தனை மணிக்கு நீரைச் சோதித்தோம், குளோரின் எவ்வளவு இருந்தது என்று வாசலில் எழுதிப்போடட்டும். எழுதிப்போடாத இடத்தில் பிள்ளைகளை இறக்குவதில்லை என்று பெற்றோர் முடிவு செய்யட்டும். பலகை தானாக வந்துவிடும்.

சரி, திருக்குளத்துக்கு என்ன வழி?

அங்கே குளோரினைக் கொட்டிச் சமாளிக்க முடியாது. மீன்கள் செத்துவிடும். கெடுக்கும் பொருளைப் போடாமல் இருப்பது ஒன்றே வழி. சோப்பும் ஷாம்பும் கரையோடு நிற்கட்டும். வெல்லத்துக்குக் கரையில் ஒரு பெரிய அண்டா வைக்கலாம். வேண்டிக்கொண்டவர்கள் அதிலே போடட்டும். அந்த வெல்லம் சர்க்கரைப் பொங்கலாகிப் பசித்தவர் வயிற்றுக்குப் போனால், பெருமாள் கோபித்துக்கொள்வாரா?

வேண்டுதலும் நிறைவேறும். குளமும் பிழைக்கும்.