மேடையும் திரையும்: வேலைக்காரத் தாயின் மகள் ‘ஆச்சி’ ஆனார்



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கதாநாயகி அழுதால் நம் பெண்களும் அழுவார்கள். மனோரமா வந்து நின்றாலோ, விடியுமுன் பெரட்டுக்கு எழவேண்டுமே என்ற கவலையையும் மறந்து சிரிப்பார்கள். அப்படிச் சிரிக்க வைத்தவரின் இளமையில் சிரிப்பதற்கு அதிகம் இருந்ததில்லை.

மனோரமா 1937-ஆம் ஆண்டு மன்னார்குடியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்டுவிட, தாய் ராமாமிர்தம் கைக்குழந்தையோடு காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். தாய் நோயில் விழுந்தபோது, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு மகளும் வீட்டு வேலைக்குப் போனார்.

ஊருக்கு வந்த நாடகக் குழுவில் நடிக்க ஆள் குறைந்தது. நன்றாகப் பாடக்கூடிய இந்தச் சிறுமியை மேடையில் ஏற்றினார்கள். அப்போது அவருக்கு வயது 12. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். பின்னர் எஸ். எஸ். ராஜேந்திரன் நாடகக் குழுவில் சேர்ந்தார். அறிஞர் அண்ணாவோடும் கலைஞர் கருணாநிதியோடும் மேடையில் நடித்தார். வசனத்தை மறந்தால் மீண்டும் எடுத்துக்கொள்ள நாடகத்தில் வழியில்லை. அந்தப் பயிற்சியே கடைசிவரை அவருக்குக் கைகொடுத்தது.

1958-இல் கவியரசு கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ அவருடைய முதல் படம். கிடைத்தது நகைச்சுவை வேடம். மேடையில் நாயகியாக நடித்த பெண்ணுக்கு இது இறக்கம் போலத் தோன்றும். ஆனாலும் ஏற்றுக்கொண்டார். 1963-இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார். அதன்பின் நாயகி வேடத்துக்காக அவர் காத்திருக்கவில்லை. கிழவியோ, வேலைக்காரியோ, வாயாடியோ, எது வந்தாலும் அதில் உயிரைக் கொடுத்தார்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தையே பாருங்கள். சிவாஜி ஒருபுறம், பத்மினி ஒருபுறம். நடுவில் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வருவது சில காட்சிகள்தான். ஆனால் படம் பார்த்தவர்கள் ரமாமணியை மறந்ததுண்டா?

சொந்த வாழ்க்கையிலோ அடிமேல் அடி. 1964-இல் உடன் நடித்த நடிகரை மணந்தார். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவர் பிரிந்து போனார். தாய்க்கு நேர்ந்ததே மகளுக்கும் நேர்ந்தது. ஆனால் இம்முறை கையில் தொழில் இருந்தது. பிள்ளையை வளர்த்தார், தாயைக் காத்தார், நடிப்பையும் விடவில்லை.

ஆயிரம் படங்களைத் தாண்டியவர் என்று கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது. ‘புதிய பாதை’ (1989) படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. 2002-இல் பத்மஸ்ரீ வந்தது. 2015 அக்டோபர் 10-ஆம் நாள் சென்னையில், தம் 78-ஆம் வயதில் மறைந்தார்.

இத்தனை விருதுகளையும்விடப் பெரிது ஒன்று உண்டு. செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டுப் பெண்மணிகளை ‘ஆச்சி’ என்றழைப்பது மரியாதை. அந்தச் செட்டிநாட்டு ஊரில் பிறர் வீட்டு வேலை செய்த தாயின் மகளைத்தான் தமிழ் உலகமே ‘ஆச்சி’ என்று அழைத்தது. பிறப்பாலோ செல்வத்தாலோ வந்த பட்டமல்ல, உழைப்பால் வந்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். படிப்பை நிறுத்தினாலும் மனோரமா போல் முன்னுக்கு வந்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். படிப்பை விட்டு வேலைக்குப் போன பெண்கள் எத்தனையோ பேர். மனோரமா ஒருவர்தான். நம் தோட்டங்களிலும் அன்று எத்தனை பெண்கள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டார்கள்! அவர்களுக்குள் எந்தத் திறமை ஒளிந்திருந்ததோ, யார் கண்டது?

ஆகவே, பெண்ணைப் படிக்க வையுங்கள். பள்ளி ஆண்டு விழாவிலோ கோயில் திருவிழாவிலோ அவள் மேடையேற ஆசைப்பட்டால் ‘கூத்தாடப் போகிறாயா’ என்று அதட்டாதீர்கள். ராணி வேடம் கிடைக்கவில்லை, பாட்டி வேடம்தான் கிடைத்தது என்று அவள் கண்ணைக் கசக்கினால், ஜில் ஜில் ரமாமணி எத்தனை காட்சியில் வந்தாள் என்று கேளுங்கள். வேடம் சிறிதென்று வருந்தமாட்டாள்.