கலியாணம் மருந்தன்று

"நிக்காஹை முடித்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்!"

நம் வீடுகளில் மனநோய்க்கு எழுதப்படும் முதல் மருந்துச் சீட்டு இதுதான். மகன் இரவெல்லாம் உறங்காமல் தனக்குத் தானே பேசுகிறான்; மகள் காரணமின்றி அழுகிறாள். செய்தி வாசற்படியைத் தாண்டுமுன் சம்பந்தம் பேசப் புறப்பட்டுவிடுகிறோம். இதற்குப் பாசம் என்று பெயர் சூட்டுகிறோம். நான் இதனை அநீதி என்பேன்.

உள்ளத்து நோய்கள் எந்த வயதில் தலைகாட்டுகின்றன என்பது இன்று வெறும் ஊகமன்று. 192 ஆய்வுகளைத் தொகுத்து, 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்த கட்டுரை 2022ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்நோய்களுள் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள்ளும், நூற்றுக்கு 62க்கு மேல் 25 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று அது காட்டிற்று. மிகுதியாகத் தொடங்கும் வயது பதினான்கரை. அதாவது, பள்ளிக்கூடப் பருவம்! அந்த வயதில் நாம் சொல்வதென்ன? "சேட்டை", "சோம்பல்", "தொழுகையில் கவனமில்லை". சிகிச்சைக்குரிய ஆண்டுகளை ஏச்சிலே கழித்துவிட்டு, பின்னர் அந்தச் சுமையை ஒன்றும் அறியாத வேறொரு வீட்டுப் பிள்ளையின் தோளில் ஏற்றுகிறோம்.

விளைவு என்ன? டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ப்' அமைப்பின் ஆய்வாளர்கள், மனச்சிதைவு நோயுற்று மணவாழ்வும் முறிந்த பெண்களைப் பற்றி 2003இல் எழுதினர். அப்பெண்களைத் தாங்கி நின்ற முதிய பெற்றோரை வாட்டிய கவலை ஒன்றே: 'எங்களுக்குப் பின் இவள் கதி என்ன?' கலியாணம் நோயைத் தீர்க்கவில்லை. நோயோடு வாழாவெட்டி என்ற பெயரையும் சேர்த்துக் கொடுத்தது.

இளமையில் மட்டுமா நம் அறியாமை? வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற தாய்மாருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனநலக் குறை நேர்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ, "பச்சை உடம்புக்காரி, ஏதோ நிழல் பட்டுவிட்டது" என்று தாயத்துக் கட்டுகிறோம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 7 பேருக்கு மறதி நோய் உண்டென்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாமோ, "வாப்பாவுக்கு வயதாகிவிட்டது" என்று வாளாவிருக்கிறோம். ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு சாக்கு; எந்தப் பருவத்திலும் மருத்துவர் இல்லை!

மறைத்து வைக்க இயலாத நாள் வந்தால்? 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலை மறக்க முடியுமா? ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 உயிர்கள் கருகின. நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் நம் வெட்கம் என்னும் சங்கிலியை எந்தச் சட்டம் அறுக்கும்?

"அப்படியானால் ஓதிப் பார்ப்பதும் துஆக் கேட்பதும் வீணா?" என்று சிலர் சினக்கலாம். யார் சொன்னது? சர்க்கரை நோய்க்கு மாத்திரையும் உட்கொள்கிறோம், துஆவும் கேட்கிறோம். உள்ளத்து நோய்க்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை? மருத்துவம் செய்துகொள்ளப் பணித்தவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அந்த வழியில் வந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். உடல் நோயுறுவது போன்றே உள்ளமும் நோயுறும் என்பது அவர் துணிபு. அவரை ஈமான் குறைந்தவர் என்போமா?

மனநோயுற்றவர் மணம் முடிக்கவே கூடாது என்பதன்று என் வாதம். சிகிச்சை பெற்று, இரு வீட்டாரும் உண்மையறிந்து, மனமொப்பிச் செய்யும் மணத்தை எவர் தடுப்பார்? மறைப்பதைத்தான் மறுக்கிறேன்.

பெற்றோரே! பதினான்கு வயதுப் பிள்ளையின் முகம் வாடினால், ஏசுமுன் அருகிலமர்ந்து கேளுங்கள். தேவையெனின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மணமேடைக்கு அனுப்ப அவசரம் வேண்டாம். நிக்காஹ் ஓர் உடன்படிக்கை. பொய்யின்மீது அதனை எழுப்பாதீர்கள்.