கரும்பலகை முன் நிற்கும் உரிமை

1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் அண்ணல் அம்பேத்கர் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று உடன் பணியாற்றிய சிலர் முறையிட்டார்கள். இன்று பானை இல்லை. வேறு வடிவில் தடை இருக்கிறது.

நம் காலனிகளில் முதுகலை முடித்த பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஆனால் அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே வகுப்புகள் ஓடுகின்றன. அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. நம் மாநிலத்தில் அதில் பாதியை எட்டவே போராட வேண்டியிருந்தது.

பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. சட்டம் இருக்கிறது. பணியிடத்தையே நிரப்பாவிட்டால் இடஒதுக்கீடு காகிதத்தில்தான் இருக்கும். நிரந்தர நியமனம் கேட்பதும் சமூகநீதி கேட்பதும் ஒன்றுதான்.

மாணவர்களே, காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம். நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. முதுகலையில் நமக்கு 50 விழுக்காடு மதிப்பெண் போதும்; உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பும் இல்லை. தமிழ் படித்தவர்கள் தங்கள் பாடத் தாளைத் தமிழிலேயே எழுதலாம். தேர்ச்சி பெற்றவர்கள் ஊருக்குத் திரும்பி, இரவுப் பாடசாலையில் நான்கு பேருக்காவது வழிகாட்டுங்கள்.

தகுதியோடு நாம் வாசலில் நிற்போம். கதவைத் திறக்க வேண்டியது அரசின் கடமை.