திசைகாட்டும் சமிக்ஞையைக் காப்பாற்றுங்கள்: கடலோர மீனவர்களின் கோரிக்கைச் சாசனம்

ஒன்றிய அரசுக்கும் தமிழ்நாடு அரசுக்கும்:

பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தம் வகுத்த எல்லையை நடு இரவில் எங்களுக்குக் காட்டுவது படகிலுள்ள ஜிபிஎஸ் கருவி ஒன்றுதான். போட்ட வலையைத் தேடுவதும், பாறையை விட்டு விலகுவதும், கரை திரும்புவதும் அதை நம்பியே.

செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞை கீழே வந்துசேரும்போது, ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்களவே இருக்கிறது. சிறிய ஜாமர்கூட அதை அமுக்கிவிடும். பொய்ச் சமிக்ஞை அதைவிடக் கொடியது. தவறான இடத்தையே சரியான இடமென்று கருவி காட்டும். அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை விமானங்கள் இத்தகைய 465 இடையூறுகளைச் சந்தித்ததாக ஒன்றிய அரசே மக்களவையில் சொன்னது. வானில் நேர்ந்தது கடலிலும் நேரலாம்.

அமெரிக்காவின் ஜிபிஎஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, இந்தியாவின் நாவிக் ஆகிய செயற்கைக்கோள் வழிகாட்டும் அமைப்புகள் நான்கும் 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ஒரே கருவி நான்கையும் எளிதாகப் படிக்கிறது. ஒரே ஜாமரால் நான்கையும் முடக்கவும் முடிகிறது. ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. அரசு மானியத்தில் தரும் கருவிகள் நாவிக்குடன் வேறொரு அமைப்பையும், குறைந்தது இரண்டு அலைவரிசைகளையும் பயன்படுத்த வேண்டும்.

2. நாவிக்கின் 2492 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, வைஃபை பயன்படுத்தும் அலைக்கற்றையை ஒட்டியே இருக்கிறது. பக்கத்து அலைக்கற்றையிலிருந்து கசிவு வராதபடி அதற்குக் காப்பு வேண்டும்.

3. ரஷ்யாவின் குளோனாஸ் அமைப்பின் நேரத்துக்கும் ஜிபிஎஸ் நேரத்துக்கும் இடையே நொடிக்கணக்கில் வேறுபாடு உண்டு. ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு பிசகினாலே தூரக்கணக்கு 30 மீட்டர் தவறும். கருவி இந்த வேறுபாடுகளைச் சரிக்கட்டுகிறதா என்று சோதித்த பின்பே சான்றிதழ் தர வேண்டும்.

4. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட நாவிக் செயற்கைக்கோள் என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. நாவிக் வரிசையை நிறைவு செய்யும் கால அட்டவணையை வெளியிட வேண்டும்.

5. சமிக்ஞை குலைந்தால் விமானிகள் முறையிட வழி இருக்கிறது. எங்களுக்கும் அது வேண்டும். எச்சரிக்கை வயர்லெஸ்ஸில் தமிழில் வர வேண்டும்.

6. எல்லை தாண்டியதாகப் பிடிபடும் மீனவரின் வழக்கில், அந்த நேரத்துச் சமிக்ஞைப் பதிவுகளைச் சான்றாக வழங்க வேண்டும்.

7. அனுமதியற்ற ஜாமர் விற்பனையை, இணைய விற்பனை உட்பட, முற்றாக ஒடுக்க வேண்டும்.

8. சமிக்ஞை இடையூறு குறித்த தகவலை இலங்கையும் இந்தியாவும் உடனுக்குடன் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு வேண்டும்.

2025 மார்ச்சில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு, விமானப் போக்குவரத்து, கடல்சார் அமைப்புகள் மூன்றும் இந்த இடையூறுகளைப் பற்றிக் கூட்டாகக் கவலை தெரிவித்தன. உலகம் ஒப்புக்கொண்ட ஆபத்திலிருந்து எங்களைக் காப்பது அரசின் கடமை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான துறையையும் நிறைவேற்றும் தேதியையும் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமான பதில் தாருங்கள்.