கண்டறியப்படவில்லை என்றால் இல்லை என்றாகுமா?

சுன்னாகம் அனல்மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளிலே எண்ணெய் மிதந்த செய்தி நாடெங்கும் பரவி ஆண்டுகள் பல சென்றுவிட்டன. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பும் வழங்கிவிட்டது. அங்கே மின்சாரம் உற்பத்தி செய்த நொதேர்ன் பவர் கம்பனி நீர் மாசடைந்ததற்குக் காரணமாய் இருந்தது, அல்லது கணிசமான அளவு துணைநின்றது என்று கண்டு, கிணற்றுச் சொந்தக்காரருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. இத்துடன் விஷயம் தீர்ந்ததென்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வியாபாரம் நடக்கும் ஒரு காணியின் மண்ணும் அதன் கீழுள்ள நீரும் கெட்டிருந்தால், அதனால் மனிதருக்கு நேரும் தீங்கை யார், எப்போது, எவ்வாறு மதிப்பிடுவது என்னும் கேள்வி இன்னும் நம் முன்னே நிற்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத நதி ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவது. வானம் பொழியும் மழையே சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அதையே குடிக்கின்றோம், அதையே தோட்டத்துக்கு இறைக்கின்றோம். மணலிலே நீர் மெல்ல வடிந்து செல்வதுபோல இப்பாறையிற் செல்வதில்லை. வெடிப்பு எத்திசையிலே ஓடுகின்றதோ அத்திசையிலே விரைகின்றது. அயல் வளவுக் கிணறு தப்பிக்கொள்ள, அப்பாலுள்ள கிணறு கெட்டுப்போகலாம். இத்தகைய பூமியிலே, எமது மதிலுக்குள் சிந்தியது மதிலுக்குள்ளேயே கிடக்கும் என்று எந்த முதலாளியும் சொல்ல இடமில்லை.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பரிசோதித்த 150 கிணறுகளுள் 109இல் எண்ணெயும் கிறீசும் அனுமதித்த அளவை மிஞ்சியிருந்தன. பின்னர் வட மாகாணசபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான பொருள்கள் காணப்படவில்லை என்ற கருத்தை வெளியிட்டது. தண்ணீரைக் குடிப்பதா விடுவதா என்று ஏழைக் குடியானவன் தவித்தான். படித்தவர்களும் கட்சி பிரிந்து நின்றார்களேயன்றி, இரு பரிசோதனைகளும் ஒரே கேள்வியைக் கேட்டனவா என்று விசாரித்தவர் சிலரே.

எண்ணெயும் கிறீசும் என்னும் பரிசோதனை, நீரிலே எண்ணெய்த்தன்மையான பொருள் மொத்தமாக எவ்வளவு என்பதை மாத்திரம் அளக்கும். அது எந்த எண்ணெய், அதில் எந்த நஞ்சு என்று கூறாது. பென்சீன், தொலுயீன் முதலியவற்றைத் தேடும் பரிசோதனை வேறு. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்கிறோகிராம் என்பதே உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த வழிகாட்டல் அளவு. ஆனால் அது எளிதில் ஆவியாகிவிடும். போத்தலைச் சரிவர மூடாமல் வெயிலிலே கொண்டுபோனால் ஆய்வுகூடத்தில் அகப்படுவது குறையும். எண்ணெயோ நீரின்மேல் மிதப்பது. மேற்பரப்பில் மொண்டவருக்கும் ஆழத்தில் மொண்டவருக்கும் ஒரே கிணறு இரண்டு விடை சொல்லும். கோடையிற் சொல்வதை மாரியிற் சொல்லாது. எந்தக் குழுவையும் குறித்து நாம் இதைக் கூறவில்லை. எனினும் ஒரு சாட்சி கூண்டில் ஏறி, "கண்டறியப்படவில்லை" என்று கூறுவாரானால், எங்கே தேடினீர், எந்த மாதத்தில், எவ்வளவு நுண்ணிய அளவுவரை என்று கேளாமல் அவரை இறங்கவிடும் வழக்கறிஞர் தம் தொழிலுக்கே தகுதியற்றவர்.

நஞ்சின் அளவு பாதிக் கணக்கே. யார் உட்கொள்கின்றார், எவ்வழியாக, எத்தனை ஆண்டு என்பது மறுபாதி. பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் குழந்தை தன் உடல் நிறைக்கு நம்மிலும் மிகுதியான நீரைக் குடிக்கின்றது. தோட்டக்காரனோ நாள் முழுதும் அந்நீரிலேயே நிற்கின்றான். குளிக்கையில் தோலும் படுகின்றது, ஆவியும் மூக்கிலேறுகின்றது. பசளையாலும் மலக்குழிகளாலும் நமது கிணறுகளிலே நைத்திரேற்று ஏற்கெனவே மலிந்திருப்பது வேறு. அதற்கு எந்தக் கம்பனியையும் குறைகூற முடியாது, நாமே பொறுப்பு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பாராத அறிக்கையை மதிப்பீடு என்று அழைப்பது தகாது.

சட்டம் அறிந்தோர் ஆங்கில நாட்டு வழக்கொன்றை நினைவுகூர்வர். கேம்பிரிட்ஜ் அருகே ஒரு தோல் பதனிடும் ஆலையிலே, 1976ஆம் ஆண்டுவரை, கரைப்பான் திரவம் சிறிது சிறிதாகத் தரையிற் சிந்தியது. அங்கும் நிலத்தின் கீழே சுண்ணாம்புப் பாறையே. ஒரு மைலுக்கும் அப்பாலிருந்த நீர்க் கம்பனியின் துளைக்கிணறு கெட்டது 1983இலேதான் வெளிப்பட்டது. பிரபுக்கள் சபை 1993இல் ஆலையை விடுவித்தது. சிந்திய காலத்தில் இத்தீங்கை எவரும் முன்னறிந்திருக்க இயலாது என்பதே காரணம். சுன்னாகத்திலும் கம்பனி, முன்பு அங்கே மின் உற்பத்தி நடத்தியோர்மீது பழியைச் சுமத்தி வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்காதது நமது பாக்கியம். ஆனால் அடுத்த வழக்கில் அதே வாதம் வெல்லக்கூடும். தொழில் தொடங்கும் முன்னரே மண்ணையும் நீரையும் பரிசோதித்துப் பதிந்துவைத்த ஓர் ஏடு இருந்தால், எனக்கு முன்னிருந்தவன் செய்தான் என்பதற்கும், எனக்குத் தெரியாது என்பதற்கும் இடமேயில்லை. அந்த ஏடு இல்லாதபோது நிரூபிக்கும் சுமை முழுவதும் கிணற்றுக்காரன் தலையிலே விழுகின்றது.

இது தமிழருக்கு மட்டும் உரிய குறை அன்று. 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆந் திகதி வெலிவேரியாவிலே, கையுறைத் தொழிற்சாலையால் கிணற்று நீர் கெட்டதென்று முறையிட்டு வீதிக்கு வந்த சிங்கள மக்கள்மீது இராணுவம் சுட்டது. மூவர் மாண்டனர். அங்கும் தண்ணீரைப்பற்றிய முழுமையான கணக்கைக் கேட்டவர்களுக்கு உரிய காலத்தில் அது கொடுக்கப்படவில்லை.

எண்ணெய் நிலத்தடித் தாங்கியுள்ள ஒவ்வோர் எரிபொருள் நிலையமும், வாகனம் கழுவும் ஒவ்வொரு நிலையமும் சிறிய சுன்னாகமே. ஆகையால் வலிகாமம் தெற்குப் பிரதேச சபை முதலாக எல்லாச் சபைகளையும் நாம் கேட்பது இதுவே: இனிமேல் இத்தகைய தொழிலுக்கு அனுமதி வழங்குமுன், கம்பனியின் செலவிலும் கம்பனி தெரிவு செய்யாத ஆய்வுகூடத்திலும் மண்ணையும் அயற் கிணறுகளையும் மாரியிலொருமுறை, கோடையிலொருமுறை சோதிப்பியுங்கள். தொழிலை மூடும்போதும் காணி கைமாறும்போதும் அதையே மீண்டும் செய்வியுங்கள். முடிவைத் தமிழில் எழுதி, மாதிரி எடுத்த இடமும் ஆழமும் திகதியும் குறித்து, சபையின் அறிவித்தற் பலகையிலே ஒட்டுங்கள். அடுத்த சபைக் கூட்டத்திலே இதற்கான பிரேரணையைக் கொண்டுவர எந்த உறுப்பினர் முன்வருகின்றார் என்று பார்ப்போம்.