கண் திறக்கிறவர்கள்

மரணத்தை வரைவதென்றால் கான்வாஸில் கறுப்பைப் பூசி மூலையில் ஒரு மண்டையோட்டை வைத்துவிடுவது என்று நம் ஓவியர்கள் சிலர் முடிவு கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து ‘இருப்பின் அபத்தம்’, ‘இன்மையின் தரிசனம்’ என்றெல்லாம் எழுத விமர்சகர்களும் தயாராக இருக்கிறார்கள். அதே மூச்சில் காலண்டர் படங்களை ஒதுக்கியும் விடுகிறார்கள். அங்கே யாருக்கும் மூப்பில்லை, சாவில்லை, ஆகவே கலைப் பிரக்ஞையும் இல்லையாம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்தவன் என்ற முறையில் இந்த இரண்டு தீர்ப்புகளையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

சி. கொண்டையராஜு (1898–1976) சில காலம் திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிகளுக்கு ஸீன் எழுதி, 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார்கள். ரமணர் 1896இல் மதுரையில், பதினாறு வயதில், பிணம்போலப் படுத்துச் சாவைச் சோதித்துப் பார்த்தவர். அவரிடம் இருந்துவிட்டு வந்த ஓவியன் ஏன் சாவை வரையவில்லை என்று ஒரு நண்பர் கேட்டார். காலண்டரை முழுதாகப் பார்க்காதவர் கேட்கிற கேள்வி இது. மேலே மூப்பறியாத முகம். கீழே நாளுக்கொன்றாகக் கிழிபடும் தாள். டிசம்பர் 31 தாண்டினால் அட்டை மட்டும் ஆணியில் தொங்கும். இந்தச் சேர்க்கையை ஓவியர் யோசித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. துணிக்கடைக்காரரும் தீப்பெட்டி ஆபீஸ்காரரும் விளம்பரத்துக்காகச் செய்தது அது. ஆனால் சுவரில் பார்த்த நாங்கள் இரண்டையும் சேர்த்தேதான் பார்த்தோம்.

என் அய்யாவுக்கு உயிரோடு எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. இறந்த அன்று டவுனிலிருந்து ஃபோட்டோக்காரரை அழைத்து வந்தார்கள். நாடிக்கட்டை அவிழ்த்து அய்யாவை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். நாங்கள் சுற்றி நின்றோம். ஒரு வாரம் கழித்துப் படம் வந்தபோது அய்யா கண் திறந்திருந்தார். ஸ்டூடியோவில் டச்சிங் செய்தவர் அவரைப் பார்த்ததே இல்லை. மூடிய இமைகளின் மேல் இரண்டு கண்களை எழுதிவிட்டார். சற்றுப் பெரிய, மை தீட்டினாற்போன்ற கண்கள். காலண்டர் முருகனுடைய கண்கள் அவை என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. காலேஜில் நாலு ஓவியப் புத்தகம் புரட்டிய திமிரில், ‘இது பொய்’ என்றேன். அம்மா சொன்னாள்: “கண்ணு உங்கய்யா கண்ணு இல்லதான். ஆனா நம்மளப் பாக்குதுல்ல?”

இதைவிடக் கறாரான கலை விமர்சனத்தை நான் படித்ததில்லை.

சிற்பி கடைசியில் செய்வது கண் திறப்பு. அதற்குப் பிறகு அது வெறும் கல் இல்லை. ஸ்டூடியோக்காரர் அதே காரியத்தை ஒரு பிணத்துக்குச் செய்தார்; தோற்றார். தோற்ற இடத்தில்தான் சாவு தெரிகிறது. மண்டையோடு எவனுடைய சாவுமில்லை. பொருந்தாத கண்களோ, இந்த மனிதன் போய்விட்டான், இனி வரமாட்டான் என்கின்றன. வருஷங்களில் ப்ரோமைடு பழுத்து அய்யாவின் முகம் கரைந்துவிட்டது. அவருடையதல்லாத அந்தக் கண்கள்தான் மிஞ்சியிருக்கின்றன.

வெளிநாட்டு உதாரணம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். டேமியன் ஹர்ஸ்ட் 1991இல் ஒரு சுறாவைக் கண்ணாடித் தொட்டியில், ஃபார்மால்டிஹைடில் மிதக்கவிட்டார். உயிரோடிருப்பவன் மனதில் சாவுக்கு இடமே இருக்க முடியாது என்ற பொருளில் தலைப்பும் வைத்தார். சுறா கெட்டுப்போயிற்று. 2006இல் வேறொரு சுறாவைப் போட்டார்கள். மாற்றிப் போட முடிகிற சாவு என்ன சாவு? அய்யாவின் கண்களைத் திருத்தி எழுதலாம். ஆளை மாற்ற முடியாது.

டச்சிங் செய்தவர்களெல்லாம் மகா கலைஞர்கள் என்று நான் கொடி பிடிக்கவில்லை. பெரும்பாலானவை சோம்பேறி வேலைகள். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செத்தவருக்குக் கோட்டு மாட்டுகிறார்கள். ‘கண்ணீர் அஞ்சலி’ ஃப்ளெக்ஸ்கள் கரிசல் வெயிலில் வெளுத்து, கடைசியில் படப்பை மூடப் போகின்றன. கிராமம் என்றதும் உருகுகிற கோஷ்டியில் எனக்கு இடம் வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஸ்டூடியோ வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்று, ‘கண்ணைத் திறந்து குடுங்க’ என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அந்த ப்ரஷ்ஷுக்கு இருந்தது. உங்கள் கறுப்புக் கான்வாஸின் வாசலில் யார் நிற்கிறார்கள்? அதில் செத்துக் கிடப்பது யார்? பெயரைச் சொல்லுங்கள். பிறகு தரிசனத்தைப் பற்றிப் பேசலாம்.