குறித்த வேளையில் எரியாத விளக்கு



மாலையில் கூடத்து விளக்கு தானாக எரியவும், அதிகாலமே கீசர் தானாக இயங்கவும் அநேக இல்லங்களில் இப்பொழுது ஸ்மார்ட் பிளக்குகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. கணவனும் மனைவியும் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீட்டில், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வயதான தாயார் இருட்டில் தடுமாறி விழாதிருக்க அந்த ஒரு விளக்கே துணையாயிருக்கிறது. அது ஒரு மாலை எரியாமற்போனால், உடனே பிளக்கைக் குறைகூறி வேறொன்று வாங்கிவிடாதிருங்கள்.

முதலாவது சுவர் சுவிட்சைப் பாருங்கள். ஆளில்லாத அறையில் சுவிட்சை அணைத்துவிடுவது நம் பெரியவர்களின் நெடுநாள் பழக்கம், நல்ல பழக்கமுங்கூட. ஆனால் மின்சாரம் வராத பிளக்குக்கு எந்தக் கட்டளையும் எட்டாது. சுவிட்சின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் "அணைக்க வேண்டாம்" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

முதல் நாள் எரிந்து மறுநாள் எரியவில்லையா? செயலியில் நேரத்தைக் குறித்த நீங்கள், கிழமைகளைத் தெரிவு செய்யாமல் விட்டிருக்கக்கூடும். பல செயலிகளில் கிழமை குறிக்கப்படாத கட்டளை ஒரே ஒருமுறைதான் நடக்கும். காலை 5 மணிக்கு வைத்த கீசர் 10.30க்கு இயங்குகிறதென்றால், நேர மண்டலம் தவறியிருக்கிறது என்று அறியுங்கள். உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம்.

மின்தடையே பெரிய சோதனை. இப்பிளக்குகள் பலவற்றில் கடிகாரத்தைக் காக்கும் பேட்டரி கிடையாது. மின்சாரம் திரும்பியதும் இணையத்தின் வழியாகவே நேரத்தைக் கேட்டறிகின்றன. ரவுட்டர் விழித்தெழ இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அதற்குள் குறித்த வேளை கடந்துபோனால், தவறிய கட்டளையைப் பெரும்பாலானவை மீண்டும் நிறைவேற்றுவதில்லை. ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய யுபிஎஸ் ஒன்று இதற்கு உதவும்.

எரிய வேண்டிய விளக்கு எரியாமற்போவதிலும், அணைய வேண்டிய கீசர் அணையாதிருப்பதே ஆபத்து. கீசர் அணைய வேண்டிய நிமிடத்தில் மின்தடை ஏற்பட்டு, பின்பு மின்சாரம் வந்தால், பிளக் பழைய நிலைக்கே திரும்பி மணிக்கணக்காக இணைப்பைத் திறந்து வைத்திருக்கலாம். மின்சாரம் திரும்பும்போது எந்நிலையில் இருக்க வேண்டும் என்கிற அமைப்பு செயலியில் இருந்தால், கீசருக்கு 'ஆஃப்' என்பதையே தெரிந்துகொள்ளுங்கள். மேலும் 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கே தகும். விளக்குக்கு வாங்கிய சிறியதை அதில் மாட்டாதேயுங்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவி இருக்குமானால், அதை எந்த ஸ்மார்ட் பிளக்கிலும் இணைக்கவே கூடாது.

அடிக்கடி வாடகை வீடு மாறும் நமக்கு இன்னொரு காரியம். புதிய ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்தால், பெரும்பாலும் கருவிகள் தாமாகவே இணைந்துகொள்ளும். இவற்றில் அநேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மாத்திரமே அறியும் என்பதால் அதை அணைத்துவிடாதிருங்கள். நகரமே மாறினால் செயலியில் இருப்பிடத்தையும் மாற்றுங்கள். டிசம்பரில் மும்பையில் 6 மணிக்குச் சூரியன் மறையும்போது, கொல்கத்தாவில் அது 5 மணிக்கே மறைந்திருக்கும். 'சூரிய அஸ்தமனத்தில் எரிக' என்று வைத்த விளக்கு, பழைய ஊரின் கணக்கின்படி ஒரு மணி நேரம் தாமதிக்கும்.

இவ்வளவும் சரிபார்த்தபின், ஐந்து நிமிடம் கழித்து எரியும்படி ஒரு நேரத்தைக் குறித்துவிட்டு ரவுட்டரை அணைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால், அட்டவணை பிளக்குக்குள்ளேயே பதிந்திருக்கிறது. எரியாவிட்டால், அது நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. அலெக்ஸாவில் அமைக்கும் 'ரொட்டீன்' இவ்வகையைச் சேர்ந்ததே. தாயாரின் விளக்குக்கு, பிளக்கிலேயே பதியும் அட்டவணையை வைத்துக்கொண்டு, அலெக்ஸாவில் அதே விளக்குக்கு வேறு நேரம் குறித்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.